ரோமானியத் தரைச்சூடேற்றம்: செங்கல் தூணா, கல் தூணா, கால்வாயா?

தரையைத் தூண்கள்மேல் உயர்த்தி, அடியில் அடுப்பின் சூடான காற்றை ஓடவிட்டு அறையைச் சூடாக்கும் ரோமானிய அமைப்புக்கு ஹைப்போகாஸ்ட் என்று பெயர். இதை ஒரு சின்ன அறை அளவிலாவது கட்டி, உண்மையாகவே தீமூட்டிப் பார்க்க நினைக்கும் கட்டடக்கலை மாணவர்களும் வரலாற்று ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது, எந்தப் பொருளில் கட்டுவது என்பதைத்தான். அகழாய்வுப் படங்களைப் பார்த்தால் குழப்பம் கூடுகிறது. ஒரு படத்தில் சதுரச் செங்கல் அடுக்கு, இன்னொன்றில் ஒற்றைக் கல்தூண், வேறொன்றில் தூணே இல்லாமல் தரையில் வெட்டிய கால்வாய். எல்லாமே ரோமானியம்தான். எல்லாமே ஒரே வேலைக்கு உகந்தவை அல்ல.

பெரும்பாலோர் 'எது உறுதியானது?' என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியால் இங்கே பெரிய பயன் இல்லை. தீ அந்தப் பொருளை என்ன செய்யும், அது எங்கிருந்து கிடைக்கும், எவ்வளவு வேகமாகச் சூடேறும், வெடித்தால் மாற்ற முடியுமா என்ற நான்கு கேள்விகள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. எப்படி என்று ஒரு கணக்கோடு பார்ப்போம்.

## முதலில் அளவுகோல்கள்

ரோமானிய அடி ஏறத்தாழ 29.6 செ.மீ. 12 அடிக்கு 16 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 16.8 சதுர மீட்டர். கி.மு. முதல் நூற்றாண்டுக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் தம் ஐந்தாம் நூலில் சொல்லும் முறைப்படி இதைக் கட்டினால், 2 அடிச் சதுர ஓடுகள் (பிபெடாலிஸ்) 48 தேவை. அவற்றின் மூலைகளைத் தாங்க, சுவரோரம் நிற்பவற்றையும் சேர்த்து, 63 தூண்கள். மேலே 20 செ.மீ தடிமனுக்குச் சுண்ணாம்புத் தளம்.

ஓடும் தளமும் சேர்ந்து சுமார் 7.5 டன் வரும். நடுவில் நிற்கும் தூண் ஒன்றின்மேல் இறங்குவது ஏறக்குறைய 160 கிலோதான். தூணின் தலை 20 செ.மீ சதுரம். சதுர செ.மீக்கு 35 கிலோ தாங்கும் சாதாரணச் செங்கல்லே இந்தப் பரப்பில் 13 டன்னுக்கு மேல் தாங்கும். அடுக்கிக் கட்டும்போது அந்தப் பலம் பலமடங்கு குறைந்தாலும் கவலையில்லை. அதனால் பாரத்தை மனத்தில் வைத்துக் கருங்கல்லைத் தேடி ஓட வேண்டியதில்லை.

இனி உண்மையான அளவுகோல்களுக்கு வருவோம்.

வெப்பம் தாங்குவது. அடுப்புவாய்க்கு அருகில் இருக்கும் தூணும் எதிர்ச்சுவரோரத் தூணும் ஒரே சூட்டைச் சந்திப்பதில்லை. ஒன்று தீநாக்கிலேயே நிற்கிறது, மற்றது வெதுவெதுப்பான புகையில். அதோடு தினம் சூடாகி ஆறும் சுழற்சியும் சேர்கிறது. தொடர்ந்து ஒரே சூட்டில் இருப்பதைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் பொருளை அதிகம் வதைக்கும்.

கிடைப்பது. அருகில் சூளை இருக்கிறதா, கல்குழி இருக்கிறதா? 60 செ.மீ சதுரமும் 6 செ.மீ தடிமனும் உள்ள ஓர் ஓடு 35 கிலோவைத் தாண்டும். அதை வண்டியில் கொண்டுவருவதும் ஒரு செலவு.

சூடேறும் வேகமும் விறகும். மேலே சொன்ன 7.5 டன்னை 25 டிகிரி உயர்த்த மட்டும் 45 முதல் 50 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டாலும் 12 கிலோ விறகு. நடைமுறையில் பாதிக்கு மேல் புகையோடும், தூண், சுவர், மண் வழியாகவும் போய்விடும். தளத்தின் தடிமனைக் கூட்டும்போதெல்லாம் இந்தக் கணக்கும் கூடவே ஏறும்.

கசிவும் பழுதும். தளத்தில் விரிசல் விட்டால் அறைக்குள் வருவது வெறும் புகை மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடும்தான். அதற்கு மணமில்லை, நிறமில்லை.

## செங்கல் தூண்

விட்ருவியஸ் விவரிப்பது இதைத்தான். அடியில் ஒன்றரை அடி ஓடுகளைப் பரப்ப வேண்டும். ஒரு பந்தை உள்ளே எறிந்தால் அது தானாக அடுப்புவாய்க்கே உருண்டு வரும்படி அந்தத் தரைக்குச் சாய்வு கொடுக்க வேண்டும். அதன்மேல் ஓர் அடியின் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 20 செ.மீக்குச் சற்றே குறைந்த, சதுரச் செங்கற்களை (பெஸ்ஸாலிஸ்) அடுக்கி 2 அடி உயரத் தூண் எழுப்ப வேண்டும். இணைப்புக்கு முடி கலந்து பிசைந்த களிமண். தலையில் 2 அடி ஓடு.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்தது களிமண் இணைப்புதான். சுண்ணாம்புச் சாந்து கடும் சூட்டில் சிதைந்துவிடும். தீ அணைந்தபின் ஈரம் பட்டால் உதிரும். களிமண்ணோ சூட்டில் வேக வேகச் செங்கல்லின் குணத்துக்கே வருகிறது. மண் காயும்போது சுருங்கி வெடிக்காமல் முடி இழைகள் பிடித்துக்கொள்கின்றன. தூண் முழுவதும் ஒரே இறுகிய கட்டையாக இல்லாமல் பல துண்டுகளாக இருப்பதால், சூட்டில் விரியும்போது ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. ஏற்கெனவே சூளையில் வெந்த செங்கல்லுக்கு ஹைப்போகாஸ்டின் சூடு புதிதல்ல.

பழுதுபார்ப்பிலும் செங்கல்தான் முன்னணியில். ஒரு தூணில் நாலு செங்கல் நொறுங்கினால் அந்த நாலை மட்டும் மாற்றலாம். சில இடங்களில் தூணின் அடியிலும் தலையிலும் ஓர் அடிச் சதுர ஓடு வைத்தார்கள். நான்கு பெரிய ஓடுகளின் மூலைகள் ஒரே தூணில் வந்து உட்காரும்போது 20 செ.மீ தலையில் ஒவ்வொரு மூலைக்கும் கிடைப்பது 10 செ.மீதான். தலை ஓடு வைத்தால் அது 15 செ.மீ ஆகிறது. ஓடு சறுக்கி விழும் பயம் குறைய இதைவிட எளிய வழி கிடையாது. மாதிரி கட்டுபவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

மறைந்திருக்கும் செலவு எண்ணிக்கையில் இருக்கிறது. நம் 12×16 அறைக்குத் தூணுக்கு 12 கல் வீதம் 750 செங்கற்களுக்கு மேல் ஆகும். கீழ்த்தரைக்கு ஒன்றரை அடி ஓடு 86. இவற்றைவிடத் தொல்லை அந்த 48 பெரிய ஓடுகள். அவ்வளவு அகலமான பச்சை ஓடு காயும்போது நெளியும், சூளையில் வெடிக்கும். இதையெல்லாம் சமாளிக்கப் பழகிய சூளை வேண்டும். பிரிட்டனில் செஸ்டரில் தங்கியிருந்த இருபதாம் படையணி, டீ ஆற்றின் மேற்பகுதியில் ஹோல்ட் என்ற இடத்தில் தனக்கென்றே ஓட்டுச்சூளைகள் வைத்திருந்தது. படையணி முத்திரை பதித்த ஓடுகள் அங்கே உருவாயின. அருகில் இப்படியோர் ஏற்பாடு இருந்தால் செங்கல் மலிவு. இல்லாவிட்டால் விட்ருவியஸின் முறை பணக்காரர்களின் முறை.

எங்கே இது பொருந்தும்? குளியலறைகளில், அதிலும் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அறையில், தினமும் தீ எரியும் இடத்தில். இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் உள்ள பின்செஸ்டரில் கோட்டைத் தளபதியின் குளியல் கூடத்துச் செங்கல் தூண்கள் இன்றும் மேல்தளத்தோடு நிற்கின்றன. 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இன்றைய ஜெர்மனியின் ட்ரியரில் எழுந்த 67 மீட்டர் நீளப் பேரரசர் மண்டபத்திலும் தரைக்கு அடியில் இதே வகைச் சூடேற்றம் இருந்தது.

## கல் தூண்

சூளை தூரத்தில் இருக்கிறது, கல் காலடியில் கிடக்கிறது என்றால் கொத்தர்கள் என்ன செய்வார்கள்? ஒரே கல்லில் 60 செ.மீ உயரத் தூண் செதுக்கி நிறுத்திவிடுவார்கள். வட இங்கிலாந்தில் ரோமானியர் எழுப்பிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரையொட்டிய கோட்டைகளில் இதைக் காணலாம். ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் தளபதியின் வீட்டுத் தூண்கள் கல்தான். இணைப்பு இல்லை, அடுக்கும் வேலை இல்லை, ஒரே நாளில் வரிசையாக நிறுத்தலாம். பழைய கட்டடத்துக் கல்லை மறுபடியும் பயன்படுத்தலாம். தலையில் ஓட்டுக்குப் பதிலாகக் கற்பலகை பரப்பினால் சூளையின் உதவியே தேவைப்படாது.

ஆனால் 'கல்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. எந்தக் கல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சுண்ணாம்புக்கல் 800, 900 டிகிரிச் சூட்டில் சுட்ட சுண்ணாம்பாக மாறத் தொடங்கும். அதன்பின் ஈரம் பட்டால் பூத்து உதிர்ந்துவிடும். அடுப்புவாயில் சுண்ணாம்புக்கல் தூண் நிறுத்துவது, தெரிந்தே ஒரு சுண்ணாம்புக் காளவாய் கட்டுவதுதான். வாயிலிருந்து விலகி நிற்கும் தூண்களில் இந்த ஆபத்து மிகக் குறைவு, அங்கே அவ்வளவு சூடு போய்ச் சேராது. மணற்கல் இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் படுகை (கல்லின் இயற்கை அடுக்குகள்) நெட்டாக நிற்கும்படி வைத்தால் ஏடு ஏடாக உரியும். படுகை கிடையாக இருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள்.

கருங்கல்லைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் மாதிரி கட்டுபவர்களின் கை முதலில் அதன்மேல்தான் போகிறது. நம் கருங்கல் வகைகளில் பெரும்பாலானவற்றில் குவார்ட்ஸ் உண்டு. 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறிச் சட்டென்று பருமன் கூடும். பக்கத்தில் இருக்கும் மற்றத் தாதுக்கள் அதே அளவு விரிவதில்லை, கல் உள்ளுக்குள்ளேயே வெடிக்கிறது. அந்தச் சூட்டை எட்டாவிட்டாலும்கூட, ஒரு பக்கம் மட்டும் வேகமாகச் சூடானால் கருங்கல் ஏடுவிடும். தென்னிந்தியக் கல்லுடைப்பவர்கள் பாறைமேல் தீமூட்டிப் பலகையாகப் பெயர்த்தெடுத்தது இந்தக் குணத்தை நம்பித்தான். அதே கல்லைத் தீக்குள் நிறுத்தி வெடிக்காமல் இருக்கச் சொன்னால் நடக்குமா? எரிமலைக் கல்லான பசால்ட்டில் குவார்ட்ஸ் இல்லை என்றே சொல்லலாம், அதனால் அது மேல்.

இன்னொரு மறைமுகச் செலவு, பழுது. ஒற்றைக் கல் பிளந்தால் அதில் பாதியை மாற்ற முடியாது. மேல்தளத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தி முழுத்தூணையும் உருவ வேண்டும். உள்ளே 60 செ.மீ உயரத்தில் தவழ்ந்துகொண்டு இதைச் செய்வது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, கல் தூண் பொருந்துவது குடியிருப்பு அறைகளுக்கு, அடுப்பிலிருந்து விலகிய பகுதிகளுக்கு, சூளை இல்லாத மலைப்பகுதிகளுக்கு.

## கால்வாய் முறை

தரையைக் கெட்டியாக நிரப்பி, அடுப்புவாயிலிருந்து சுவர் வரை சில கால்வாய்களை மட்டும் விட்டு, மேலே கற்பலகை மூடுவது மூன்றாவது வழி. அறையின் நடுவிலிருந்து மூலைகளுக்குக் கிளை பிரியும் அமைப்பும் உண்டு. பிரிட்டனில் 3, 4ஆம் நூற்றாண்டு வில்லாக்களில் (நாட்டுப்புற மாளிகைகளில்) இது பரவலாகிறது.

பொருள் செலவு மிகக் குறைவு. பெரிய ஓடே வேண்டாம், கால்வாயின் அகலத்துக்கு ஏற்ற பலகை போதும். கால்வாயின் பக்கச் சுவரைக் கிடைக்கும் கல்லை வைத்தே கட்டலாம். தளம் பெரும்பாலும் நிரப்பின்மேலேயே உட்கார்ந்திருப்பதால் இடிந்து விழும் பேச்சே இல்லை.

விலை வேறு வடிவத்தில் வருகிறது. சூடான காற்று தொடும் பரப்பு குறைவு. தொடாத பகுதிக்கு வெப்பம் நிரப்பின் வழியே மெல்ல மெல்லத்தான் போக வேண்டும். தூண் வைத்த அறையைவிடச் சூடேற அதிக நேரம் பிடிக்கும், தரையிலும் கால்வாய் ஓடும் கோடுகள் சூடாகவும் இடைப்பகுதிகள் ஆறியும் இருக்கும். ஒருமுறை சூடேறிவிட்டால் அந்த நிரப்பு முழுவதும் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது இதன் நல்ல பக்கம். பனிக்காலம் முழுக்கச் சிறு தீ எரிந்துகொண்டே இருக்கும் வீட்டுக்கூடத்துக்கு இது சரி. காலையில் மூட்டி மதியம் குளிக்க நினைப்பவருக்கு இது உதவாது.

கரியும் புகையொட்டும் சேர்ந்தால் பலகையைப் பெயர்க்காமல் கால்வாயைத் துப்புரவு செய்ய வழியில்லை. அதனால் இந்த முறையை எடுப்பவர்கள் ஈர விறகைத் தொடவே கூடாது.

| | செங்கல் தூண் | கல் தூண் | கால்வாய் |
|---|---|---|---|
| தீநாக்கில் நிற்பது | நன்று | கல்லைப் பொறுத்தது | பக்கச் சுவரின் பொருளைப் பொறுத்தது |
| பொருள் திரட்டுவது | கடினம், சூளை வேண்டும் | கல்குழி இருந்தால் எளிது | மிக எளிது |
| சூடேறும் வேகம் | மூன்றில் வேகமானது | ஏறக்குறைய அதே | மிக மெதுவு |
| பழுது | ஒவ்வொரு செங்கல்லாக மாற்றலாம் | முழுத்தூணையும் மாற்ற வேண்டும் | அரிது, ஆனால் தரையை உடைக்க வேண்டும் |
| ஏற்ற இடம் | குளியலறை | குடியிருப்பு அறை | பனிக்காலக் கூடம் |

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வாய்க்கு அருகில் இரண்டு மூன்று வரிசை செங்கல், பின்னால் கல் என்று கலந்து கட்டலாம். பொருள் குறைவாகக் கையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

## சுவருக்கு எது?

தரையை மட்டும் சூடாக்கினால் சுவர் குளிர்ந்தே நிற்கும், குளியலறை நீராவி அதில் பட்டு வழியும். முதலில் வந்த தீர்வு, நான்கு மூலையிலும் முலைபோல் புடைப்புள்ள தட்டையோடு. அதைச் சுவரில் ஆணியடித்துப் பொருத்தினால் பின்னால் விரலளவு இடைவெளி கிடைக்கும். பொம்பேயின் குளியல் கூடங்களில் இதைப் பார்க்கலாம். செய்வது எளிது. குறை என்னவென்றால் ஓட்டின் கனம் முழுவதும் இரும்பு ஆணியில் தொங்குகிறது. சூடும் ஈரமும் புகையும் சேரும் இடத்தில் ஆணி துருப்பிடிக்காமல் இருக்காது.

அடுத்து வந்தது பெட்டிக்குழாய் ஓடு. செவ்வக வாயுள்ள குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாந்து பிடிக்க முகத்தில் சீப்பால் கோடு கிழித்து, மேலே பூசிவிடுவார்கள். பக்கவாட்டில் துளை இருப்பதால் காற்று பக்கத்துக் குழாய்க்கும் போகும். கி.பி. 65இல் இறந்த தத்துவ அறிஞர் செனகா, சுவரில் பதித்த இந்தக் குழாய்களைத் தம் நினைவுக்குட்பட்ட காலத்தில் வந்த புதுமையாகக் குறிப்பிடுகிறார். குழாய்கள் தம் கனத்தைத் தாமே சுமந்து நிற்பதால் ஆணிக் கவலை பெரிதும் தீர்கிறது. மெல்லிய சுவருள்ள குழாயை வெடிக்காமல் சுடுவதுதான் இதன் செலவு.

மூன்றாவதாக, சுடுமண் இடைக்கட்டைகளைச் சுவரில் பதித்து அவற்றின்மேல் தட்டையோடு நிறுத்தும் வழி தெற்கு அனடோலியாவில் (இன்றைய துருக்கி) அதிகம். குழாய் வார்க்கத் தெரியாத சூளையை வைத்துக்கொண்டும் இதைச் செய்துவிடலாம். மாதிரி கட்டுபவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். நிரந்தரமாக நிற்க வேண்டிய கட்டடம் என்றால் பெட்டிக்குழாய்தான்.

## சாந்து விஷயம்

தீ தொடும் இடத்தில் களிமண், தீ தொடாத மேல்தளத்தில் சுண்ணாம்பு. இதை மாற்றிவிடாதீர்கள்.

மேல்தளத்துக்கு ரோமானியர் விரும்பியது இடித்த ஓட்டுத்தூள் கலந்த சுண்ணாம்பு. ஆற்றுமணல் சாந்தில் சலித்த ஓட்டுத்தூளை மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் சாந்து மேம்படும் என்கிறார் விட்ருவியஸ். இது நமக்கு அந்நியமான பொருள் அல்ல. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணைக்குள் இருக்கும் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) இதே குடும்பம். நீர் புகாது, புகையும் கசியாது. இத்தாலியின் பொட்சுவோலி எரிமலைத் தூள் இன்னும் நல்லது என்றாலும், தண்ணீர்த் தொட்டி இல்லாத அறைக்கு அதை எங்கிருந்தோ வரவழைப்பது வீண்.

இன்றைய சிமென்ட்டைத் தூணுக்குப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். 400 டிகிரிக்கு மேல் அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு நீரை இழந்து சிதைகிறது, பிறகு ஈரத்தை உறிஞ்சிப் பருத்து நொறுங்குகிறது. கம்பி கட்டிய கான்கிரீட் பலகையை மேலே போடுவதும் அப்படித்தான், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் சூட்டில் உதிர்ந்துவிடும்.

## நீங்கள் எதை எடுக்கலாம்?

கல்லூரி வளாகத்தில் ஓரிரு முறை எரித்துக்காட்டும் மாதிரி என்றால் செங்கல் தூண். சந்தையில் கிடைக்கும் 9 அங்குலம், நாலரை அங்குலச் செங்கல்லை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து, அடுத்த வரியைக் குறுக்காகத் திருப்பி அடுக்கினால் 9 அங்குலச் சதுரத் தூண் வந்துவிடும். ரோமானிய அளவைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். 60 செ.மீ ஓடு கிடைக்காவிட்டால் தூண் இடைவெளியைக் குறைத்துச் சிறிய ஓடு போடுங்கள். ஓட்டுக்காகக் கருங்கல் பலகைக்குப் போக வேண்டாம்.

மலைப்பகுதியில் நிலையான காட்சிக் கட்டடம் என்றால், முன்வரிசைகள் செங்கல், பின்வரிசைகள் உள்ளூர் மணற்கல் அல்லது பசால்ட். நாள் முழுவதும் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு கூடத்தை மட்டும் சூடாக்க வேண்டும், கையில் பணமும் குறைவு என்றால் கால்வாய்.

எதைக் கட்டினாலும் முதல் தீயை அவசரப்பட்டு மூட்டாதீர்கள். களிமண் இணைப்பும் சுண்ணாம்புத் தளமும் முழுக்கக் காய வாரக்கணக்காகும். அப்புறம் சில நாட்கள் கையளவு சுள்ளித் தீ மட்டும் வைத்து, உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தை விரட்ட வேண்டும். ஈரமுள்ள தூணுக்குப் பெரும் தீ காட்டினால் உள்ளே ஆவியாகி அதுவே வெடிக்கவைக்கும். பெரிய தீ மூட்டும் நாளில் அறைக்குள் கார்பன் மோனாக்சைடு காட்டும் கருவி ஒன்றை வைத்துவிட்டு, முதல் சில மணி நேரம் ஆட்களை வெளியிலேயே நிறுத்துங்கள். ஈரச் சாக்கைக் கொஞ்சம் எரித்துப் புகை உண்டாக்கினால் தளத்தில் எங்கே கசிகிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்த இடத்தை ஓட்டுத்தூள் சுண்ணாம்பால் அடைத்து, காயவைத்து, திரும்பவும் சோதித்த பிறகு ஆட்களை உள்ளே விடலாம்.